முதுகில் பட்டன் வைத்த கவுன்

“மொத்தம் எத்தனை பேர்?” என்று கேட்டாள் கல்யாண உடுப்புக் கடைக்காரம்மா.

“பொண்ணு. பொண்ணோட அம்மா, அது நான். இவ என் தங்கச்சி. அவ்வளவுதான். கூட்டம் கூடினா ஆளுக்கொரு வாய், ஆளுக்கொரு கலர். டென்ஷனே இல்லாம வாங்கிட்டுக் கிளம்பணும்.”

அம்மா தோள்பையை மடியில் வைத்து அணைத்துக்கொண்டு சோபாவில் உட்கார்ந்தாள். வருகிற ஞாயிறு கல்யாணம். உடுப்பு ஒன்றுதான் பாக்கி. இதில் மகள் முரண்டு பிடிக்காமல் இருந்தால் கரை சேர்ந்த மாதிரி.

முரண்டு பிடிக்கக்கூடியவள்தான். மாப்பிள்ளை லாரி கம்பெனி முதலாளி. வயது கொஞ்சம் கூடுதல். “அந்த ஆளைக் கட்டிக்கறதுக்கு அவன் லாரியிலயே விழலாம்” என்று முதல் நாள் தட்டை வீசி எறிந்தாள். மூன்றே வாரம். அம்மா எப்படியோ வழிக்குக் கொண்டுவந்துவிட்டாள். இப்போது பெண் பூனைக்குட்டி மாதிரி.

“பொண்ணு என்ன நிறம்!” என்றாள் கடைக்காரம்மா. “இங்க வர்றவங்கல்லாம் கல்யாண அலைச்சல்ல கறுத்துப்போய் வருவாங்க.”

“மூணு வாரமா வெயிலே படலை” என்றாள் அம்மா பெருமையாக.

தங்கச்சி தரையைப் பார்த்தாள்.

மகள் முதலில் கண்ணில் பட்ட வெள்ளைக் கவுனையே எடுத்தாள். “இது போதும்.”

“அவ்வளவுதானா? நேத்து ஒருத்தி கடையையே கலைச்சுப் போட்டுட்டு, கடைசியில அழுதுக்கிட்டே போனா.”

“எங்க வீட்டுப் பொண்ணு அப்படி இல்லை. சொன்னாக் கேட்டுக்கும்.”

“ஒரு விஷயம், தப்பா எடுத்துக்காதீங்க. கவுனைப் போட்டவங்க உடுப்பு மாத்தற அறையை விட்டு வெளிய வரக்கூடாது. வெளிப்பக்கம் பூட்டிடுவோம். தட்டினாத் திறப்போம். போன வருஷம் ஒருத்தி வெளிச்சத்துல பாக்கறேன்னு வாசலுக்குப் போனா. அப்படியே கார் ஏறிட்டா.”

“நல்ல ஏற்பாடு” என்றாள் அம்மா. “இருங்க, நானே பூட்டறேன்.”

மகள் கவுனோடு உள்ளே போனாள். அம்மா கதவைச் சாத்தி, பூட்டில் தொங்கிய சாவியைத் திருப்பி, பிடியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தாள்.

“பழகின கை” என்று சிரித்தாள் கடைக்காரம்மா.

“தலையில போடற வலைத்துணி ஏதாவது இருக்கா?” என்று கேட்டாள் தங்கச்சி. காலையிலிருந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான்.

“மாடியில இருக்கு. எடுத்துட்டு வர்றேன்.”

கடைக்காரம்மா படியேறினாள். உள்ளிருந்து மெதுவாகத் தட்டும் சத்தம். அம்மா திறந்தாள். மகள் போட்டிருந்த உடுப்போடேயே நின்றாள், கவுன் கையில்.

“முதுகு நெடுக பட்டன்மா. பின்னாடி எப்படி விழுதுன்னு எனக்குத் தெரியாது. நீங்க ஒரு தடவை போட்டுக் காட்டுங்க. நமக்கு ஒரே அளவுதானே.”

“போடி. என் வயசென்ன?”

“போட்டுத்தான் பாரேன்க்கா” என்றாள் தங்கச்சி. “உன் கல்யாணத்துக்கு இரவல் உடுப்பு. தோள்ல நிக்காம, நான்தான் ஊக்கு ஊக்கா குத்திக்கிட்டு நின்னேன்.”

அது அம்மாவுக்கு ஆறாத புண். ‘சும்மா, ஒரு நிமிஷம்’ என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.

மகள் பின்னால் நின்று பட்டன்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். பொறுமையாக, கடைசிப் பட்டன் வரைக்கும்.

“பையைக் கொடுங்கம்மா.”

“இருக்கட்டும்.”

“கவுனுக்கு மேல தோள்பையா? ஜிப் பட்டா நூல் இழுத்துக்கும்.”

அம்மா கொடுத்தாள். கண்ணாடியில் நின்றவள் வேறு யாரோ. இடுப்பு இருந்தது, கழுத்து இருந்தது. தோளில் ஊக்கு இல்லை. அந்தத் தோளுக்குப் பின்னால் மகள் சிரித்தாள். மூன்று வாரத்தில் முதல் சிரிப்பு. அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் சரியாகிவிட்டது, இனிமேல் பயமில்லை.

“அசையாம நில்லுங்க. சித்தியைக் கூப்பிடறேன்.”

கதவு சாத்திக்கொண்டது. அம்மா பக்கவாட்டில் நின்று பார்த்தாள். கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு முதுகுக்குக் கையைக் கொண்டுபோனாள். ஒரு பட்டன்கூட எட்டவில்லை.

“என்னடி, வந்து கழட்டி விடு.”

வெளியே தோள்பையின் ஜிப் திறக்கும் சத்தம். மூன்று வாரமாக அணைந்து கிடந்த செல்போன் ஒன்று மணியடித்து உயிர் பெறும் சத்தம்.

நாற்காலியில் கழற்றிப் போட்ட தன் உடுப்பைத் தேடினாள். நாற்காலி காலி. பிடியைத் திருகினாள், அந்தப் பக்கம் யாரோ அழுத்திப் பிடித்திருந்தார்கள்.

“சின்னவளே, அவளைப் பிடி” என்று தங்கச்சியைக் கூப்பிட்டாள். “சின்னவளே.”

மகளின் குரல்தான் நிதானமாக வந்தது.

“கத்தாதீங்கம்மா. கதவைத் தட்டினா உங்க கைதான் வலிக்கும். எல்லாம் உங்க நல்லதுக்குத்தான். போகப் போகப் பழகிடும்.”

மூன்று வாரமாக, ஒவ்வொரு ராத்திரியும், மகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு அந்தக் கதவுக்கு வெளியே நின்று அம்மா சொன்ன வார்த்தைகள், ஒன்று விடாமல்.

சாவி திரும்பியது. பிறகு, பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று, பிடி இரண்டு தரம் இழுபட்டது.