லைசன்ஸ் தேவைப்படாத மனிதர்

"உள்ளே வாங்க சார், வாங்க! கட்டிலுக்கு அடியில பாருங்க, அடுப்புக்குள்ள பாருங்க. டிவி கிடைச்சா எனக்கும் ஒரு குரல் குடுங்க. நானும் பார்த்து ரொம்ப நாளாச்சு!"

தெருவே கேட்கும்படி முழங்கினார் ட்ரெவர் ஹெப்வொர்த். இங்கிலாந்தில் டிவி பார்க்கிற வீடெல்லாம் வருஷாவருஷம் பணம் கட்டி லைசன்ஸ் வாங்கியாக வேண்டும்; அதைச் சோதிக்க வந்து வாசலில் நின்ற உரிம அலுவலக இளைஞன் மழைக்கோட்டுக்குள் இன்னும் கொஞ்சம் சுருங்கினான்.

எதிர்வீட்டு டோரீன் ஜன்னலைத் துடைக்கிற சாக்கில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம். டிவியில்கூட கீழே பெரிய எழுத்து ஓடினால்தான் கதை புரியும். ஆனால் ட்ரெவர் போட்ட சத்தம் ஹாலிஃபாக்ஸ் கல்லறைத் தோட்டம் வரைக்கும் கேட்டிருக்கும்.

"டிவி பார்க்கலை, லைசன்ஸ் வேண்டாம்னு ஒரு வார்த்தை எழுதிப் போடுங்களேன் சார். லெட்டர் வர்றது நின்னுடும்" என்றான் இளைஞன்.

"எதுக்குய்யா எழுதணும்? என்கிட்ட துப்பாக்கியும்தான் இல்லை. அதை மாசாமாசம் போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லிட்டா இருக்கேன்? பேரு தெரியாது, ஊரு தெரியாது, 'இவ்வீட்டில் குடியிருப்பவருக்கு'ன்னு சிவப்பு மையில ஒரு மிரட்டல்! போய்ச் சேர்ந்த என் பொண்டாட்டி எழுதின காதல் கடிதம்கூட இத்தனை விடாப்பிடியா வந்ததில்லை."

இளைஞன் உள்ளே போனான். போன வேகத்திலேயே வெளியே வந்தான். முன்னறையில் ஜன்னலைப் பார்த்தபடி ஒரு சாய்வு நாற்காலி, பக்கத்தில் ஒரு குட்டி மேஜை, அதன்மேல் பைனாகுலர். அவ்வளவுதான் சொத்து.

"பைனாகுலர் எதுக்கு சார்?"

"பறவை பார்க்க. அதுக்கும் லைசன்ஸ் போட்டுட்டீங்களா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு நடையைக் கட்டினான். டோரீனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தத் தெருவில் புறாவை விட்டால் என்ன பறவை இருக்கிறது? சாயங்காலமானால் அந்த மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்து எந்தப் பறவையைப் பார்க்கிறார் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன!

கணவன் ஃபிராங்க் இறந்துபோனபிறகு அவளை ஏறிட்டுப் பார்த்தவர் யாரும் இல்லை. ட்ரெவர்தான் கேட்காமலேயே வந்து அவள் வீட்டு முன்வேலிச் செடியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார். "திரையை மூடிடாதீங்க டோரீன், உங்க வீட்டு வெளிச்சம்தான் இந்தத் தெருவுக்கே அழகு" என்றார். ஜன்னலோரப் பூச்சாடியைக்கூட "மறைக்குது" என்று தானே நகர்த்தி வைத்தார். யாரை மறைக்கிறதாம்? நினைக்கும்போதே அவள் கன்னம் சூடாகும்.

இந்த வயதில் இப்படி ஒரு துணை கிடைத்தால் வேண்டாம் என்று சொல்ல அவளுக்கென்ன பைத்தியமா? குறுக்கே நின்றது ஒன்றே ஒன்றுதான். மகன் வாங்கிக்கொடுத்த, பாதிச் சுவரை அடைத்த அந்த டிவி. டிவி என்றாலே எரிந்து விழுகிற கொள்கைவாதி, அதன் எதிரே வந்து உட்காருவாரா?

வியாழக்கிழமை மத்தியானம் பழைய சாமான்களை வாங்கி விற்று ஏழைகளுக்கு உதவுகிற தர்மக் கடைக்காரர்கள் வந்து டிவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அன்றைக்குத்தான் அவள் வாராவாரம் பார்த்துவந்த தொடரின் கடைசிப் பகுதி. மணிக்கூண்டில் பாதிரியாரைக் கொன்றது யார் என்று எட்டு மணிக்குத் தெரிந்துவிடும். எவன் கொன்றால் எனக்கென்ன என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். தனக்கு இனி லைசன்ஸ் வேண்டாம் என்று உரிம அலுவலகத்துக்கும் சொல்லிவிட்டாள்.

எட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால், உதட்டுச் சாயம் பூசி, சுடச்சுட இறைச்சிப் பலகாரம் ஒன்றைத் தட்டில் ஏந்தித் தெருவைக் கடந்தாள். அவள் தட்டுவதற்குள் கதவு திறந்தது. கழுத்தில் பைனாகுலர் தொங்க, ட்ரெவர் பதறிப்போய் நின்றார்.

"டோரீன்! என்னாச்சு? உங்க வீட்டுல ஒரே இருட்டா இருக்கே! உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு நான் துடிச்சுப் போயிட்டேன்!"

துடித்துப் போனாராம்! டோரீனின் கண் கலங்கிவிட்டது. எத்தனை வருஷமாச்சு இப்படி ஒரு வார்த்தை கேட்டு!

"எனக்கு ஒண்ணும் ஆகலை, ட்ரெவர். இனிமே நீங்க ஜன்னல் வழியா எட்டிப் பார்க்கவும் வேண்டாம். உங்களுக்குப் பிடிக்காதது எனக்கு மட்டும் எதுக்கு? டிவியைத் தூக்கிக் குடுத்துட்டேன். உங்களை மாதிரியே எனக்கும் இனி லைசன்ஸ் தேவையில்லை!"

ட்ரெவரின் முகம் வெளுத்தது. எதிரே இருண்டு கிடந்த ஜன்னலையே வெறித்தார்.

"ஐயையோ டோரீன்... அப்போ அந்தப் பாதிரியாரைக் கொன்னது யாரு?"