மங்கள விளக்கு

இன்ஜின் எச்சரிக்கை விளக்கு மஞ்சளாக எரிகிறது என்று நல்லசிவம் காரை ஷோரூமுக்குக் கொண்டுவந்திருந்தார். வாங்கி இரண்டு மாதம்தான்.

"நீங்க ஓட்டின லட்சணம் சார். இன்ஜினையே இறக்கணும். வாரண்டில வராது, அறுபதாயிரம் ஆகும்" என்றார் ஷோரூம் மேலாளர்.

நல்லசிவம் சுவரைப் பார்த்தார். வண்டி எடுத்த அன்று ஷோரூம்காரர்களே பிடித்து மாட்டிய படம். மாலை சுற்றிய ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, பின்சீட் பக்கம் திரும்பிப் பல்லெல்லாம் தெரிய அவர். கைகளுக்கு நடுவே அதே விளக்கு, அன்றைக்கே எரிகிறது. "மஞ்சள்தானே மேடம், மங்களம்" என்று அவர் மனைவியிடம் சொன்னவரும் இதே மேலாளர்தான்.

படத்திலிருந்த விளக்கை நோக்கி விரலை நீட்டினார்.

மேலாளர் படத்தின் அருகே போய் வெகுநேரம் பார்த்தார். பிறகு படத்தைக் கழற்றி மேஜைமேல் குப்புறப் போட்டார்.

"பழைய படம் சார், மாத்தணும்னே இருந்தேன். அப்ப இன்ஜினை இறக்கிடலாமா?"