ஆணி வேண்டாத சுவர்

மேற்குச் சுவர் கிழக்குச் சுவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு ஐப்பசி மழையில். கூரையும் மற்ற சுவர்களும் போன பழைய நெற்களஞ்சியத்தில் இருநூறு வருஷமாக முகம் பார்த்து நின்றவர்கள் அவர்கள். நடுவிலிருந்த திறந்தவெளியில் வருஷாவருஷம் கச்சேரி நடக்கும். விளக்குக் கட்ட ஆட்கள் ஆணி அடிப்பார்கள். "ஒரு ஆணிதானே" என்று கிழக்குச் சுவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது. அந்த ஓட்டைகளில் தண்ணீர் இறங்கி, ஒரு காலையில் அப்படியே சரிந்துவிட்டது.

அடுத்த கச்சேரிக்கு ஆறங்குல ஆணி ஒன்று மேற்குச் சுவரிடம் வந்தது.

"பெரியவரே, கொஞ்சம் இடம் கொடுங்க. விளக்கு தொங்கினாத்தான் உங்களை நாலு பேர் பார்ப்பாங்க."

"என்னைப் பார்க்கவா வர்றாங்க? பாட்டுக் கேட்க வர்றாங்க. தரையிலே மூங்கில் நடச் சொல்லு, தம்பி."

"ஒரு ஆணிதானே!"

"போனவரும் இதைத்தான் சொன்னார்."

சுத்தியல் விழுந்தது. கடுக்காயும் வெல்லமும் சேர்த்து அரைத்த தன் சுண்ணாம்பைச் சுவர் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. ஆணி வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. மூன்றாவதும் வளைந்ததும், "சரியான பிடிவாதம் பிடிச்ச சுவரு!" என்று திட்டிக்கொண்டே ஆட்கள் மூங்கில் தேடிப் போனார்கள்.

கச்சேரி குறையில்லாமல் நடந்தது.

அந்தக் களஞ்சியத்தில் இன்று மிச்சமிருப்பது ஒரு சுவர்.