சம்மத மாத்திரை

நான் எப்போது மாட்டேன் என்றேன்? தமயந்தியின் மனம் அதையே கேட்டுக்கொண்டிருந்தது. தம்பி முரளிக்கு ஒரு சிறுநீரகம் தருகிறேன் என்று வாயாரச் சொல்லிவிட்டாள். ரத்தமும் பொருந்திவிட்டது. மனசைப் படிக்கும் கருவிதான் அவளுக்குள் ஒரு ‘மாட்டேன்’ இருப்பதாகக் காட்டியது. அது இருக்கும்வரை அவள்மேல் கத்தி வைக்கச் சட்டம் அனுமதிக்காது.

டாக்டர் ஒரு மாத்திரையை மேசையில் வைத்தார். “இதைப் போட்டா அந்த மாட்டேன் போயிடும்மா. அப்புறம் வாழ்க்கையில எதுக்குமே மாட்டேன்னு சொல்ல வராது. நாளைக்கே ஆபரேஷன் பண்ணிடலாம்.”

“போட்டுக்கோடி,” என்றாள் அம்மா. “நீ எதுக்குமே மாட்டேன்னு சொன்னதில்லையே. இது எங்கேருந்து வந்துச்சு?”

டயாலிசிஸ் முடிந்து, வீங்கிய முகத்தோடு சக்கர நாற்காலியில் இருந்த முரளி சிரிக்கப் பார்த்தான். “உன் சைக்கிளை நான் பிடுங்கிக்கிட்டப்பவே சொல்லியிருக்கலாமேக்கா.”

இவன் பிழைக்க வேண்டும். இவன் இல்லாத வீட்டை அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. ஆனால், படிப்பை நிறுத்தியபோதும், முகம் பார்க்காத ஒருவனுக்குக் கழுத்தை நீட்டியபோதும் தேடித்தேடிக் கிடைக்காத அந்தச் சொல், சாகாமல் உள்ளேயே இருந்திருக்கிறது. இன்றைக்குத்தான் அதைப் பார்த்தாள்.

அம்மா தண்ணீர் டம்ளரை நீட்டினாள்.

தமயந்தி அதை வாங்கவில்லை. தம்பியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“கிட்னியை இப்பவே எடுத்துக்கச் சொல்லும்மா,” என்றாள் மெதுவாக. “இந்த மாட்டேன் மட்டும் எனக்கு வேணும்.”