வரைபடத்தின் நிழல்

ஒரு சின்ன விமான நிலையம். முன்பெல்லாம் அங்கே சரக்கு என்று நாலு பெட்டிதான் வரும். இப்போது காயும் பூவுமாகக் குவிந்து, கொட்டகையில் இடமில்லாமல் பாதி வெயிலில் நின்றது.

"முருங்கைக்காய் அண்ணே, விமானம் வர இன்னும் ஒரு மணி நேரமாம். அதுக்குள்ள என் மொட்டெல்லாம் விரிஞ்சிட்டா என்னை ஏத்த மாட்டாங்களே!" என்று அழுதது மல்லிகைக் கூடை.

"அழுதா இன்னும் சூடுதான் ஏறும், பேசாம இரு புள்ள," என்றது முருங்கைக்காய்க் கட்டு.

அந்த நேரம் பார்த்து நாலு அதிகாரிகள் வந்தார்கள். மேசை இல்லாததால், நிலையத்தை விரிவாக்கும் பெரிய வரைபடம் ஒன்றை மல்லிகைக் கூடை மேலேயே விரித்தார்கள்.

"நீலமா இருக்கே, அதுதான் குளிர்பதனக் கிடங்கு. உன்னை மாதிரி ஆயிரம் கூடை வைக்கலாம்," என்றது வரைபடம் பெருமையாக.

"எப்பங்க வரும்?"

"மூணு வருஷத்துல."

முருங்கைக்காய் சிரித்தே விட்டது. வரைபடம் கூச்சத்தில் சுருளப் பார்த்தது. அதிகாரிகள் விடவில்லை. கிடங்குக்குக் கதவு எந்தப் பக்கம் என்று ஒரு மணி நேரம் வாதாடினார்கள்.

விமானம் வந்தது. ஒரு மொட்டும் விரியவில்லை.

"நீங்க நல்லா இருக்கணும்ங்க," என்றது மல்லிகை.

"நான் என்னம்மா செஞ்சேன்? இன்னும் கட்டவே இல்லையே."

"கட்டுறப்ப கட்டட்டும்ங்க. நாளைக்கு என் தங்கச்சி வருவா. இதே நேரத்துக்கு வந்து விரிஞ்சு படுங்க, போதும்."

"வந்துடறேம்மா. கதவுதான் இன்னும் முடிவாகலையே!"