திரையில் சின்னப் படங்கள்

கடை வாசலில் ஓட்டோ ஒன்று கிறீச்சிட்டு நின்றது. இறங்கி வந்தவர் லயனல். ரஞ்சினியின் கணவன் பிறேம் கடலுக்குப் போகும் படகு அவருடையதுதான்.

“அம்மாவின்ரை முப்பத்தோராம் நாள் அட்டைக்கே வந்தனீங்கள்? கொஞ்சம் இருங்கோ அண்ணை,” என்றாள் ரஞ்சினி.

குருநகரில் யார் செத்தாலும் நினைவு அட்டை அவள் கடையில்தான் அச்சாகும். புதுக் கணினித் திரையில் எழுத்துப் பெரிதாகத் தெரியட்டும் என்று காலையில் அளவை நூற்றைம்பது வீதமாகக் கூட்டியிருந்தாள். அதிலிருந்து கோப்புகளின் சின்னப் படங்கள் எல்லாம் வெறும் வெள்ளைத் தாள்களாகத் தெரிந்தன. எது யாருடைய அட்டை என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அளவை நூற்றுக்குக் குறைத்து, கணினியை அணைத்து மீண்டும் போட்டாள். செத்தவர்களின் முகங்கள் வரிசையாகத் திரும்பி வந்தன.

கடைசிப் படத்தில் பிறேம் இருந்தான். நீலச் சேட்டு. பொத்தான் விழுந்த இடத்தில், இன்று விடியலில் அவன் கடலுக்குப் போகுமுன் அவள் குத்திவிட்ட ஊசி.

கோப்பைத் திறந்தாள். உள்ளே லயனலின் அம்மா சிரித்தார். மூடினாள். மறுபடியும் பிறேம்.

“அண்ணை, உங்கடை அம்மாவின்ரை அட்டையிலை எங்கடை ஆளின்ரை முகம் வருது. கொம்பியூட்டருக்கு விசர்,” என்று சிரிக்கப் பார்த்தாள்.

லயனல் திரையைப் பார்க்கவில்லை. அவருடைய சாரம் இடுப்புவரை நனைந்திருந்தது.

“கடையைப் பூட்டு பிள்ளை. நான் அட்டைக்கு வரேல்லை. உன்னைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான்.”