தப்பாத கண்

மெண்டோசினோ மலைச்சரிவில் லொரெட்டாவின் கஞ்சாத் தோட்டம். அறுவடைக்குப் பத்தே நாள். பூவுக்குள் எல்லாம் புழு. வேலைக்கு வந்த வெர்ன் ஒவ்வொரு புழுவையும் இடுக்கியால் எடுத்து, அதனிடம் ஏதோ முணுமுணுத்த பிறகே சோப்புத் தண்ணீரில் போட்டார்.

“ஒண்ணுகூட தப்பலையே! ஆமா, என்னக்கா ஜெபம் பண்றாரு?” என்றாள் தங்கை மார்சி.

“ஜெபமா? கிட்டப் போய்க் கேளு.”

மார்சி போனாள்.

“வாயே திறக்காம இருக்க உனக்கு உரிமை உண்டு. வக்கீல் வச்சுக்கவும் உரிமை உண்டு,” என்றார் வெர்ன், புழுவிடம். தொபுக்!

மார்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடிவந்தாள். “போலீஸ்காரராக்கா?”

“ரிட்டயர் ஆயிட்டாரு. கஞ்சாவுக்குத் தடை இருந்த காலத்துல, இதே தோட்டத்துல என்னை மூணு தடவ பிடிச்சவரு. எந்தச் செடிக்குள்ள ஒளிஞ்சாலும் விடமாட்டாருடி. அதான் தேடிப்போய்க் கூட்டிட்டு வந்தேன்!”